ஞாயிற்றுக்கிழமைக் காவல்

என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான். பிடித்துக் கொடுங்கள். இடுப்பில் பிடி, தோளில் பிடி, தொடையில் பிடி. கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை எக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பிடிக்கலாமே மாஸ்டர்" என்பார்கள். மூச்சு விட்டால் பட்டன் தெறிக்கும் என்று சொன்னால், மூச்சு விடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி முறைப்பார்கள். நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு தலையாட்டுவேன். குண்டூசி வாயில் இருப்பதால் பல உண்மைகளைச் சொல்லாமல் தப்பித்திருக்கிறேன்.

உண்மை என்னவென்றால் எனக்கு ஊதுவதுதான் ஆசை. உடம்பு காற்றடைத்து ஊதி, இடுப்பு என்கிற ஒன்றே இல்லாமல் போய், கை இரண்டும் பக்கவாட்டில் விறைத்து நிற்க, ஒரு ஆள் உருண்டையாகிவிடுவது. சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு நடுவில் இடைஞ்சல் வேண்டாம்.

இதில் காமம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். அது மட்டும்தான் என்று சொன்னாலும் பொய். காற்று ஏற ஏற உடுப்பு எல்லாப் பக்கமும் இறுக்கும். முதுகு, விலா, தொடை, கழுத்து, ஒரு இடம் பாக்கி இருக்காது. யாரோ ஒருவர் என்னை மொத்தமாகக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். எனக்கு வேறு வகையில் அது கிடைப்பதில்லை.

மனைவி என்று ஒருத்தி இருந்தாள். அவளிடம் சொன்னேன். சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். அந்த வருடமே போய்விட்டாள். போகும்போது வேறு காரணங்கள் சொன்னாள், எல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

உலகத்தில் இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. இணையத்தில் ஒரு கூட்டமே இருக்கிறது. படம் வரைகிறவர்கள், கதை எழுதுகிறவர்கள், ஒன்றுமே செய்யாமல் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறவர்கள். காற்றுக் கட்சி தனி, தண்ணீர்க் கட்சி தனி. கதையின் முடிவில் ஆள் வெடிக்க வேண்டும் என்கிற கோஷ்டிக்கும் வெடிக்கவே கூடாது என்கிற கோஷ்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நிஜ உடம்புக்குள் காற்றை ஏற்றுவதைப் பற்றி எவனாவது வாயைத் திறந்தால் அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவார்கள். அது உயிரைக் குடிக்கிற விஷயம். என்னைப் போலச் சிலர்தான் உடுப்பு போடுகிறவர்கள். உள்ளே ரப்பர், வெளியே துணி, ரப்பருக்குள் காற்று.

அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. நான் சேர்ந்தபோது வேறொன்றும் தோன்றாமல் "ஊசி" என்று வைத்துக்கொண்டேன். பலூன் கூட்டத்துக்குள் ஊசி வந்துவிட்டதென்று அன்றைக்குப் பெரிய கலாட்டா. கூட்டத்தை நடத்துகிறவர் பேர் "பெரிய டயர்". அவர்தான் சமாதானம் செய்து உள்ளே விட்டார்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தனியாக யாரும் ஊதக் கூடாது. ஊதுகிறபோது போனில் ஒருவர் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். காற்று முழுக்க இறங்குகிறவரைக்கும் போனை வைக்கக் கூடாது. அவருக்குக் காவல் என்று பேர். காவலுக்கும் ஊதுகிறவருக்கும் ஒருவர் பேர் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அன்றோடு அந்தக் காவல் முடிந்தது, வேறு ஆள் போடுவார்கள். முன்பு எவனோ ஒருவன் பேரைத் தெரிந்துகொண்டு மிரட்டியிருக்கிறான். "பேர் தெரிஞ்சா ஒண்ணு மிரட்டுவாங்க, இல்லேன்னா கல்யாணம் பண்ணிக்குவாங்க. ரெண்டும் நமக்கு ஆகாது" என்பார் பெரிய டயர்.

எனக்கு வாய்த்த காவல் ஒரு பெண். பேர் "விசில்". போதும் என்று அவளுக்குத் தோன்றினால் விசில் அடிப்பாள், நான் பம்பை நிறுத்த வேண்டும். நன்றாகவே விசிலடிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் நேரம். அவளும் அவள் அம்மாவும் ஒரே அறையில் இருக்கிறார்கள். அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்கியதும் இவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். துணி காய்கிற கொடிக்குப் பக்கத்தில் தண்ணீர் டேங்க் நிழலில் உட்காருவாள்.

"டேங்க் பக்கத்துல உக்காந்துட்டேன். நீங்க முழுசா ஆனா இப்படித்தான் இருப்பீங்கன்னு நினைக்கிறேன்."

"மூடி இருக்கா?"

"இருக்கு. ஆனா கோணலா இருக்கு."

"எனக்கு நேரா இருக்கும். தையல்காரன் தலை."

அவளிடமும் ஒரு உடுப்பு இருந்ததாம். அம்மா வந்து சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ள இடமில்லாமல் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டாள். அதனால், "எனக்கும் சேர்த்து நீங்களே ஊதிக்கோங்க" என்பாள். பம்பு ஓடுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாளாம். "இப்ப எது வரைக்கும்?" என்று கேட்பாள். முட்டி வரைக்கும் என்பேன். வயிறு என்பேன். மார்பு என்று சொல்லும்போது அவள் மூச்சு மாறும், என்னுடையதும்தான். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை.

பிறகு விசில். பம்பை நிறுத்திவிட்டு நான் மெத்தையில் சாய்ந்து உருண்டுகொண்டிருப்பேன், அப்போதுதான் எங்களுக்குப் பேச்சே தொடங்கும். அவள் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க போன் எடுக்கிறவள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒருநாள் என்னிடமே வாய் தவறிச் சொல்லிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கடைக்கு வருகிறவர்களை வைத்துக் கிண்டல் செய்வேன். அவள் அம்மாவின் முட்டி வலியைப் பற்றி, மாடியில் கூடு கட்டுகிற புறாவைப் பற்றிச் சொல்வாள். ஊரில் புருஷன் பெண்டாட்டி என்ன பேசுவார்களோ அதைத்தான் பேசினோம். என்ன, அதில் ஒருவர் மட்டும் பந்து மாதிரி இருந்தார்.

ஒருநாள் சொன்னாள். "வாரம் பூரா எத்தனையோ பேர்கிட்ட பேசுறேன். இங்க மட்டும்தான் நான் நானா பேசுறேன்." எனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

என் உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பலர் மழைக்கோட்டு மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு திருப்தியாக இருப்பார்கள். எனக்கு அது ஆகாது. உள் ரப்பரை நானே வெட்டி, நானே ஒட்டினேன். மேலே சாம்பல் நிறக் கோட்டுத் துணி, கல்யாணத்துக்குப் போடுகிற தரம். காற்று இல்லாதபோது சாதாரண கோட்டும் பேன்ட்டும்தான். துணியில் உள்மடிப்பு வைத்திருந்தேன், காற்று ஏறும்போது ஒவ்வொரு மடிப்பாகத் திறந்துகொள்ளும், ஒரு தையல்கூட விடாது. காற்றை இறக்குகிற அடைப்பான் முதலில் மார்பில் இருந்தது. அது கோட்டின் முகத்தையே கெடுத்தது. அதைப் பிரித்து முதுகில் ஒரு மடிப்புக்குள் ஒளித்துவிட்டு, அதில் காஜா எடுக்கிற கெட்டி நூல் ஒன்றைக் கட்டி, அக்குள் வழியாக இடது கை முனை வரைக்கும் கொண்டுவந்தேன். விரலால் நூலை இழுத்தால் அடைப்பான் திறக்கும். துணியின் நிறத்துக்கே நூல். பார்த்தால் தெரியாது. விசிலிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது, "யார் பாக்கப் போறாங்கன்னு இவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டாள்.

"நீங்க கேக்கறீங்கல்ல" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. கதவைப் பூட்டி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்து, பம்பின் பட்டனைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். எல்லாம் வழக்கம்போலத்தான். முட்டி, வயிறு, மார்பு. அன்றைக்கு அவள் விசில் அடிக்கக் கொஞ்சம் தாமதித்தாள், நானும் அதை விரும்பினேன். விசில் வந்தது. பம்பு நின்றது. மெத்தையில் சாய்ந்தேன், சாய்ந்தது சரியில்லாமல் வழுக்கிக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டேன்.

"என்ன சத்தம்?"

"விழுந்துட்டேன். ஒண்ணும் ஆகல. அடியே படாது, நான்தான் மெத்தை மாதிரி இருக்கேனே."

சிரித்தாள். கொஞ்சம் இறக்கினால் எழுந்துகொள்ளலாம் என்று நூலுக்காக விரலைத் துழாவினேன். கை முனை இறுக்கியதில் விரல்கள் வீங்கிப் போயிருந்தன, மடங்கவில்லை. இருந்தாலும் நூலின் முடிச்சு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை. மறுபடி துழாவினேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பாட்டு கேட்டுக்கொண்டே உடுப்புக்கு இஸ்திரி போட்டேன். இடது கை முனையில் ஒரு நூல் தொங்கியது. தொங்குகிற நூலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கழுத்தில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி மாட்டியிருப்பேன். பிசிறு, நுனி, மிச்சம் எதைக் கண்டாலும் நறுக்கிவிடுவேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் காலரில் நூல் தொங்கினால்கூடக் கை துறுதுறுக்கும். நறுக்கினேன். நறுக்கிவிட்டு அந்த முனையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தமாகத் தேய்த்தும் விட்டேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய நல்ல தையல்காரனால் மட்டும்தான் முடியும்.

"விசில், ஒரு சின்னச் சிக்கல்" என்றேன்.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முதுகைச் சுவரில் தேய்த்துப் பார்க்கச் சொன்னாள். அசைய முடிந்தால்தானே தேய்ப்பது. ரப்பர் எங்காவது கசியுமா என்று கேட்டாள். என் ஒட்டு வேலையில் ஒரு பொட்டுக் காற்றும் கசியாது. அப்போதும் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அலமாரி மார்பை அழுத்தியது. மூச்சைப் பாதி வரைக்கும்தான் இழுக்க முடிந்தது. வியர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை.

"உங்க ரூம் சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா?"

இருந்தது. அண்ணன் வீட்டில் ஒன்று கொடுத்து வைத்திருந்தேன். பக்கத்துத் தெருதான். அண்ணியின் நம்பர் எனக்கு மனப்பாடம். ஆனால் சொல்லவில்லை.

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" என்றேன்.

"எதுக்குப் பொறுக்கணும்?"

அவளுக்கே தெரியும் எதற்கென்று. அண்ணியைக் கூப்பிட்டால் அண்ணி என் பேரைச் சொல்லித்தான் பேசுவார். கொழுந்தனுக்கு ஆபத்து என்று எவளோ ஒருத்தி சொன்னால் யார்தான் பேரைச் சொல்லிப் பதறாமல் இருப்பார்கள்? பேர் காதில் விழுந்தால் காவல் முடிந்தது. அண்ணி என்னை இந்தக் கோலத்தில் பார்ப்பதுகூட எனக்கு இரண்டாவது கவலைதான். முதல் கவலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

"உங்க குரல் சின்னதாகிட்டே போகுது. நம்பரைச் சொல்லுங்க."

"பேர் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

"அப்புறம் நீங்க..."

"அப்புறம்னு ஒண்ணு இருக்கணும்ல. சொல்லுங்க."

அதட்டினாள். அதற்கு முன்னால் அவள் என்னை அதட்டியதே இல்லை. சொன்னேன். ஒவ்வொரு எண்ணுக்கும் மூச்சு வாங்கியது. அவள் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள், அவள் வேலைப் பழக்கம்.

"எங்கிட்ட ஒரு போன்தான் இருக்கு. வச்சாத்தான் அவங்களக் கூப்பிட முடியும். வைக்கட்டா?"

காற்று இறங்குகிறவரைக்கும் போனை வைக்கக் கூடாது. அதையும் உடைத்தாக வேண்டியிருந்தது. வையுங்கள் என்றேன். உடனே வைக்கவில்லை. கொடியில் துணி படபடக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அந்த நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மின்விசிறி சுற்றியது. மாடிப்படியில் யாரோ ஏறினார்கள், எங்கள் மாடிக்கு வராமல் நின்றுவிட்டார்கள். இத்தனை வருடம் தனியாகத்தான் இருந்தேன், அது பழகிப்போன ஒன்று. ஆனால் அந்த அறையில் அன்றைக்கு இருந்த மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை. மேசையில் போன் அடித்தது. அவள்தான். விடாமல் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. கையெட்டும் தூரத்தில்தான் மேசை. கை இருந்தது, எட்டத்தான் இல்லை. "இருக்கேன், இருக்கேன்" என்று போனைப் பார்த்துச் சொன்னேன். அது அவளுக்குக் கேட்காதென்று தெரிந்துதான் சொன்னேன்.

சாவி திரும்பியது.

அண்ணி வீட்டில் கட்டியிருந்த உடையோடு, செருப்புகூட ஜோடி மாறிய நிலையில் வந்து நின்றார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் செருகியிருந்ததைப் பார்த்தார். என் தலையைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"தம்பி... நீங்களா?"

"நான்தான் அண்ணி."

"வலிக்குதா?"

"இல்ல. மூச்சுதான்."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க."

எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கலாம். அண்ணி அதை மட்டும் கேட்டார். இப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டதை அண்ணன் எனக்குச் செய்த உபகாரமாக நினைத்துக்கொள்கிறேன். முதுகில் இடது பக்கம், மூன்றாவது மடிப்புக்குள் என்றேன். அண்ணி அலமாரியைத் தோளால் தள்ளினார். என்னைப் புரட்டப் பார்த்தார். நான் ஒரு பக்கம் உருண்டால் மறுபக்கம் திரும்பி வந்தேன். கடைசியில் ஒரு காலை என் வயிற்றில் ஊன்றி, "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, மடிப்புக்குள் கையை விட்டார்.

"இங்க ஒண்ணுமே தெரியலையே. இவ்வளவு நேர்த்தியா மறைச்சு வச்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கண்டுபிடித்து இழுத்தார். காற்று புஸ்ஸென்று அவர் முகத்தில் அடித்து முடியைக் கலைத்தது. அது இறங்கி முடிய வெகு நேரம் பிடித்தது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், யாரோ உடை மாற்றும்போது நிற்கிற மாதிரி. நான் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வந்து சேர்ந்தேன்.

தண்ணீர் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "இது கடை விஷயமா? விளம்பரத்துக்கு எதாவது?" என்று கேட்டார். எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.

"இல்ல அண்ணி. எனக்கு இது பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

அண்ணி கோட்டின் காலரைத் தொட்டுப் பார்த்தார். "சரி" என்றார். பிறகு, "அண்ணன்கிட்ட பாத்ரூம்ல வழுக்கி விழுந்தீங்கன்னு சொல்லிடறேன்" என்றார்.

எழுந்து போகப்போனவர் கதவருகே நின்றார். "அந்தப் பொண்ணு யாரு? அழுதுட்டே பேசினா. எனக்குக் கை கால் ஓடல, உங்க பேரைச் சொல்லி, 'அவருக்கு என்னாச்சு'ன்னு கத்திட்டேன். உடனே அவ, 'பேரைச் சொல்லிட்டீங்களே'ன்னா. அதுல என்ன தப்பு?"

"ஒண்ணும் தப்பில்ல அண்ணி."

அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. உடுப்பும் காற்றும் எங்கோ போய்விட்டன. எனக்கு ஒருத்தி இருக்கிறாள், எனக்காக அழுகிறாள், அதுதான் அவருக்கு அன்றைய சேதி. "அவ பேரும் சொன்னா. சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றேன்.

"பேருதானே?"

"வேண்டாம் அண்ணி. தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

நான் கணக்குப் போட்டேன். அவளுக்கு என் பேர் தெரிந்துவிட்டது, ஆனால் எனக்கு அவள் பேர் தெரியாது. பாதி வழக்கம்தான் உடைந்திருக்கிறது. மீதிப் பாதியை நான் ஒழுங்காகக் காப்பாற்றினால் பெரிய டயரிடம் கெஞ்சிக் கேட்கலாம், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று. அண்ணி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

விசிலைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அண்ணி அவளிடம் பேசி நான் நலம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றி, அண்ணியைக் கேட்டேன். அவளே மறுபடி கூப்பிட்டு விசாரித்தாளாம். "நல்லாருக்காரு, தண்ணி குடிச்சாருன்னு சொன்னேன். நன்றின்னு சொல்லி வச்சுட்டா."

சாயங்காலம் பெரிய டயரிடமிருந்து செய்தி வந்தது. விசில் நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டாள், வழக்கப்படி விலகிக்கொள்கிறேன் என்று அவளாகவே போய்விட்டாள். நான் கெஞ்சினேன். எனக்கு அவள் பேர் தெரியாது என்று சத்தியம் செய்தேன். "அவங்களுக்குத் தெரியுமே ஊசி. அவங்க நேர்மையான ஆள். நான் சொல்லியும் கேக்கல" என்று எழுதினார். கூட்டத்தில் விசில் என்று தேடினேன். அப்படி யாரும் இல்லை என்று வந்தது. மறுநாள் அவள் நம்பரும் உபயோகத்தில் இல்லை என்றது.

எனக்குக் கோபம்தான் வந்தது. யாரும் கேட்காத நேர்மையை எதற்கு இவ்வளவு கறாராக வைத்துக்கொள்ள வேண்டும்? பேர் காதில் விழவில்லை என்று ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்து போயிருக்கும்? பிறகு நினைத்துப் பார்த்தேன். நானும் அன்றைக்கு அண்ணியிடம் அதே கறாரைத்தானே காட்டினேன்.

புதுக் காவல் போட்டார்கள். "சைக்கிள் டியூப்" என்று ஒரு ஆண். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஏதோ கொறித்துக்கொண்டே கேட்பார். "ம், ம், ஏத்துங்க, நான் இருக்கேன்" என்பார். நூலுக்குப் பதில் சிவப்பு நாடா வைத்துத் தைத்திருந்தேன். முட்டி வரைக்கும் ஏற்றுவேன். அதற்கு மேல் ஏற்ற மனம் வராது. அது வெறும் காற்றாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அடுத்த வாரமும் சொன்னேன். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

கடையில் வழக்கம்போலப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதிய வெயிலில் எங்காவது மொட்டை மாடியில் துணி காய்வதைப் பார்த்தால் நின்றுவிடுவேன். எல்லா மாடியிலும் டேங்க் இருக்கிறது. எந்த மாடி என்று யாரைக் கேட்பது? கூட்டத்தின் வழக்கத்தை இனி யாருக்காகக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. பேர் தெரிந்தால் தேடலாம். தேடிக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நினைக்கும்போது கூப்பிட ஒரு பேராவது இருக்கும். விசில் விசில் என்று மனசுக்குள் எத்தனை நாள்தான் கூப்பிடுவது.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்ரூமுக்கு ரப்பர் பாய் வாங்கிப் போடுடான்னு சொன்னேனே, போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன். சமையலறைக்குள் போனேன். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்தப் பொண்ணு பேரு என்ன?"

குழாயை மூடினார். ஈரக் கையோடு திரும்பினார். வாயைத் திறந்தார். அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னவோ..." என்றார். "இருங்க. நல்ல பேரு. இப்ப யாரும் வைக்காத பேரு. கேட்டதும், அட, இந்தப் பேரான்னு நினைச்சேன்." கண்ணை மூடிப் பார்த்தார். நெற்றியில் தட்டிப் பார்த்தார். ஒரு பேரைச் சொன்னார். இல்லை என்று தானே தலையசைத்தார். "சாவியத் தேடிட்டே கேட்டேன் தம்பி. காதுல விழுந்துச்சு, அன்னிக்கு ஞாபகமும் இருந்துச்சு. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க. அதனால நானும் மனசுல போட்டு வச்சுக்கல."

"பரவால்ல அண்ணி."

"பரவால்லன்னு சொல்லாதீங்க" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டே அண்ணி சொன்னார். "ஆனா ஒண்ணு தம்பி. நான் அவ பேரைக் கேக்கவே இல்ல. 'நீ அவருக்கு என்னம்மா வேணும்'னுதான் கேட்டேன். அதுக்கு அவ பேரைச் சொன்னா. என்ன வேணும்னு கேட்டா பேரைச் சொல்றாளேன்னு எனக்கு ஒரே குழப்பம்."

கூடத்திலிருந்து அண்ணன் எதற்கோ என்னைக் கூப்பிட்டார். காவல் என்று சொல்லியிருக்கலாம், விசில் என்று சொல்லியிருக்கலாம், அவள் சொந்தப் பேரைச் சொல்லியிருக்கிறாள். உடனே போக முடியவில்லை.

இப்போதும் சில நாள் கடைக்கு அண்ணி போன் செய்வார். ஆள் நின்றுகொண்டிருக்கும், என் வாயில் குண்டூசி இருக்கும். ஒரு பேரைச் சொல்லி, "இதுவா இருக்குமோ தம்பி?" என்பார். குண்டூசியை எடுத்துவிட்டு அந்தப் பேரை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். தெரியல அண்ணி என்பேன். எனக்கு எப்படித் தெரியும்?